ஆங்கில இலக்கண வினாக்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வீட்டில் தமிழும், வீதியில் தெலுங்கும், வகுப்பறையில் ஆங்கிலமுமாக வளர்ந்து, பட்டப் படிப்பை முடித்தவுடன் வணிக நிர்வாகம் பயில வேண்டுமென்ற ஆசையோடு நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் சித்தூர், திருப்பதிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் கணக்கைப் பற்றிக் கேட்டால் தைரியமாகப் பேசுகிறார்கள். ஆங்கில இலக்கணம் என்றவுடன் அவர்கள் முகம் வாடிவிடுகிறது. இந்தப் பயத்துக்கு ஆதாரமாக நிற்பவை வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் சில நம்பிக்கைகளே. அவற்றில் பெரும்பாலானவை தவறானவை என்பதோடு, உழைக்கும் பிள்ளைகளின் உழைப்பைத் தவறான திசையில் திருப்பியும் விடுகின்றன என்பதனால் அவற்றை விசாரிப்பது அவசியமாகிறது.

எந்த வணிகப் படிப்புத் தேர்வானாலும் இலக்கணப் பிழை திருத்தும் வினாக்கள் நிறைய வரும் என்பது முதல் நம்பிக்கை. இது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. திருப்பதியில் வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் தோன்றிய அதே 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதன்முதலாக நடத்தப்பட்ட ஜிமேட் தேர்வில், ஒரு வாக்கியத்தைக் கொடுத்து ஐந்து வடிவங்களில் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வாக்கியத் திருத்தப் பகுதி நெடுங்காலம் இருந்து வந்தது; ஆனால் 2023 நவம்பரில் வந்த புதிய அமைப்பில் அப்பகுதி அடியோடு நீக்கப்பட்டு, வாசித்துணர்தலும் தர்க்க ஆராய்ச்சியும் மட்டுமே மொழிப் பகுதியில் எஞ்சின. ஐ.ஐ.எம். நிறுவனங்கள் நடத்தும் கேட் தேர்விலோ, அண்மை ஆண்டுகளில் மொழிப் பகுதியின் 24 வினாக்களில் பெரும்பகுதி வாசித்துணர்தலாகவும், மிச்சம் பத்தியை ஒழுங்குபடுத்துதல், சுருக்குதல் முதலியவையாகவும் அமைந்திருக்க, நேரடியான இலக்கண வினாவை அங்கே தேடினாலும் காண்பதரிது. மாறாக, ஆந்திர மாநிலத்தின் ஐசெட் தேர்வில், தொடர்புத் திறன் என்ற பகுதியில் இலக்கணம் இன்னும் கேட்கப்படுகிறது. எல்லையைத் தாண்டிச் சென்னையிலோ வேலூரிலோ படிக்க விரும்பி அண்ணா பல்கலைக்கழகத்தின் டான்செட் எழுதுவோருக்கும் ஆங்கிலப் பிரயோகத்தைச் சோதிக்கும் பகுதி உண்டு. ஆகவே எந்தத் தேர்வை எழுதப் போகிறோம் என்று நிச்சயிக்காமல் இலக்கணப் புத்தகம் வாங்குவது வீண்செலவு.

புத்தகம் என்றதும் நினைவுக்கு வருவது ரென்னும் மார்ட்டினும் எழுதிய இலக்கண நூல்தான். அதை முதலிலிருந்து கடைசி வரை மனப்பாடம் செய்தால் எந்த வினாவுக்கும் விடை எழுதிவிடலாம் என்பது இரண்டாவது நம்பிக்கை. அது சிறந்த நூல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எத்தனையோ குடும்பங்களில் பாட்டனார் படித்த பிரதியைப் பேரன் படித்திருக்கிறான். ஆனால் விதியின் பெயரை ஒப்பிக்கும்படி தேர்வு நம்மைக் கேட்பதில்லை. நீண்டதொரு வாக்கியத்தை முன்னால் வைத்து, இதில் எது எதைத் தழுவி நிற்கிறது என்றுதான் கேட்கிறது. விதி தெரிந்தும் அதை வாக்கியத்தில் அடையாளம் காண இயலாதவன், விதியே தெரியாதவனைப் போலவே தடுமாறுகிறான்.

காதுக்கு இனிமையாகப் பட்டால் சரி, கரடுமுரடாகப் பட்டால் தவறு என்ற அபிப்பிராயமும் பரவலாக இருக்கிறது. நாளெல்லாம் நல்ல ஆங்கிலம் ஒலிக்கும் வீட்டில் பிறந்தவனுக்கு இது ஓரளவு பயன்படலாம். நம் ஊரில் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்றும், ‘ரிடர்ன் பேக்’ என்றும், ‘ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்’ என்றும் கல்லூரி மேடைகளிலேயே கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு அவை பிழையாகவே படுவதில்லை. ‘தி கமிட்டி ரெகமெண்டட் தட் ஹி ரிசைன்’ என்ற சுத்தமான வாக்கியமோ, ‘ரிசைன்ஸ்’ என்றல்லவா இருக்க வேண்டும் என்று நெருடுகிறது. வினாத் தயாரிப்பவர்கள் இந்த நெருடலை நன்கறிந்தே வலை விரிக்கிறார்கள்.

குறுக்கு வழிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘பீயிங்’ என்ற சொல் வந்தால் அந்த விடை தவறு, மிகச் சிறிய விடையே சரி, முன்னிடைச் சொல்லில் வாக்கியம் முடியவே கூடாது என்பவை போன்ற சூத்திரங்கள் சில வினாக்களில் தற்செயலாகப் பலிக்கின்றன, அவ்வளவே. கடைசியாகச் சொன்னது வெறும் மூடநம்பிக்கை என்பதை ஃபௌலர் 1926லேயே தமது ஆங்கிலப் பிரயோக அகராதியில் எடுத்துக் காட்டிவிட்டார்.

இனி, எல்லாவற்றிலும் அதிகமாகத் தீங்கு செய்திருக்கும் நம்பிக்கைக்கு வருகிறேன். தாய்மொழி ஒரு தடை. தமிழிலோ தெலுங்கிலோ நினைப்பவனுக்கு ஆங்கில இலக்கணம் வராது. ஆகையால் தாய்மொழியை மறந்துவிட்டுத்தான் இப்பரீட்சைக்கு உட்கார வேண்டும் என்பது அது. இதை நான் முழுமூச்சாக மறுக்கிறேன்.

ஓர் உதாரணம் பாருங்கள். ‘தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் பிராட் டு தி சித்தூர் மார்க்கெட் ஹாவ் இம்ப்ரூவ்ட்’ என்று ஒரு வாக்கியத்தைக் கொடுத்துப் பிழை எங்கே என்று கேட்டால், பல பிள்ளைகள் ‘மேங்கோஸ்’ என்ற பன்மையின் ஓசையில் மயங்கிப் பிழையே இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்: ‘சித்தூர்ச் சந்தைக்குக் கொண்டுவரப்படும் மாம்பழங்களின் தரம் உயர்ந்திருக்கிறது.’ ஐந்தாம் வகுப்புக் குழந்தைகூட இங்கே ‘உயர்ந்திருக்கின்றன’ என்று எழுதாது; ஏனெனில் எழுவாய் ‘தரம்’ என்பது அதற்கு ஐயமின்றித் தெரியும். எழுவாயைக் கண்டுவிட்டால் ‘ஹாவ்’ என்பது ‘ஹாஸ்’ ஆக வேண்டும் என்பதும் தானே புலப்படும். வாக்கியத்தின் கோடியில் வரும் முற்றுவினைக்காகக் காத்திருந்து, அது எந்த எழுவாயைத் தழுவுகிறது என்று நினைவில் வைத்திருக்கும் பழக்கம் தமிழ் படித்தவனுக்கு இயல்பாகவே அமைந்திருக்கிறது.

இன்னும் நுட்பமான ஓரிடம் உண்டு. ‘கிளைம்பிங் தி ஸ்டெப்ஸ் ஃப்ரம் அலிபிரி, தி கோபுரம் வாஸ் சீன்’ என்பது தேர்வுகளில் திரும்பத் திரும்ப வரும் பிழைவகைக்கு உதாரணம். படியேறுவது கோபுரமா என்ற கேள்வி அங்கே எழுகிறது. ‘அலிபிரிப் படிகளில் ஏறி, கோபுரம் தெரிந்தது’ என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் நாக்கே இடறும். ‘ஏறுகையில் கோபுரம் தெரிந்தது’ என்றோ, ‘படிகளில் ஏறி, யாத்திரிகர்கள் கோபுரத்தைக் கண்டார்கள்’ என்றோதான் நாம் சொல்வோம். ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சத்தின் கர்த்தாவும் முற்றுவினையின் கர்த்தாவும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று தொல்காப்பியர் விதித்திருப்பதையும், இந்த ஆங்கில விதியையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். நம் மாணவன் ஏற்கெனவே அறிந்த ஒன்றைத்தான் புதிதென்று எண்ணிப் பயப்படுகிறான்.

எல்லா இடத்திலும் தாய்மொழி கைகொடுக்கும் என்று நான் சொல்லவில்லை. ‘பத்து மாம்பழம் வாங்கினேன்’ என்பது நமக்குக் குற்றமில்லை; ஆங்கிலத்தில் ‘மேங்கோஸ்’ என்றே வர வேண்டும். ‘ஐந்து வருஷமாக இங்கே வேலை செய்கிறேன்’ என்ற நிகழ்காலம், அப்படியே மாறினால் ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்று இரட்டைப் பிழையாகிவிடும். ‘ஐ ஹாவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்பதே சரி. ‘தி’ என்னும் சுட்டுக்கு நேரான சொல் தமிழிலும் இல்லை, தெலுங்கிலும் இல்லை. இந்த மூன்று இடங்களிலும் முன்னிடைச் சொற்களிலும்தான் தனியே அப்பியாசம் வேண்டும். மனப்பாடத்துக்குச் செலவிடும் மாதங்களை இங்கே சிரத்தையோடு செலவிட்டால் பலன் கண்கூடாகத் தெரியும்.

தாய்மொழியைத் துறந்தவர்களுக்குத்தான் ஆங்கிலம் கைவரும் என்பது இந்த மண்ணின் சரித்திரத்துக்கும் பொருந்தாது. சித்தூரை அடுத்த கட்டமஞ்சியில் 1880இல் பிறந்த இராமலிங்க ரெட்டி, கேம்பிரிட்ஜ் சென்று பயின்று, பின்னர் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானவர். அவரே தெலுங்குக் கவிஞராகவும் விமரிசகராகவும் விளங்கினார். திருத்தணியில் பிறந்து, தெலுங்கு பேசும் வீட்டில் வளர்ந்து, திருப்பதி மிஷன் பள்ளியில் படித்த இராதாகிருஷ்ணன், 1936 முதல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக இருந்து ஆங்கிலேயர்களுக்கே ஆங்கிலத்தில் தத்துவம் போதித்தார்.

தேர்வு எழுதப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஐசெட்டில் 200 வினாக்களுக்கு 150 நிமிடங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லையாதலால் எதையும் எழுதாமல் விடாதீர்கள். டான்செட்டில் தவறான ஒவ்வொரு விடைக்கும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும்; அங்கே நிதானம் தேவை. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் ஓய்வுபெற்று வீட்டிலிருக்கும் தமிழாசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு: உங்கள் தெருவில் இத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை யாரேனும் இருந்தால், எழுவாய், பயனிலை, வினையெச்சம் ஆகிய மூன்றையும் சில மாலைப் பொழுதுகளில் அவர்களுக்கு மறுபடியும் சொல்லிக் கொடுங்கள்.