ஃபாக் லைட்டுக்கு ஒயர் இழுக்கும் முன்

ஆடியில் கூடலூர், ஊட்டிப் பக்கம் மூட்டம் என்றால், ஐப்பசி பிறந்ததும் எங்கள் பக்கம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பாதையில் சாயங்காலமே சாலையோர வெள்ளைக்கோடு காணாமல் போய்விடும். காய்கறி ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறவன் நான். ஒயரிங் வேலை ஓரளவு தெரியும் என்பதால் எங்கள் ஸ்டாண்டில் பல வண்டிகளுக்கு ஃபாக் லைட் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். கடையில் மாட்டிய வேலை கெட்டுப்போய் என்னிடம் வந்த வண்டிகளும் உண்டு. எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவை அவைதான்.

வந்தவர்களில் விளக்கு சரியில்லை என்று வந்தவர் குறைவு. ஸ்டியரிங் பக்கம் தீய்ந்த வாடை வருகிறது, சுவிட்ச் உருகிவிட்டது, ஹெட்லைட்டும் சேர்ந்து மங்குகிறது என்று வந்தவர்களே அதிகம். எல்லாவற்றுக்கும் காரணம் விளக்குக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருந்த ஒயர்தான்.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 55 வாட் ஹாலஜன் பல்பு இரண்டு சேர்ந்தால் 110 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே வரும். பார்க்கிங் லைட்டுக்கென்று கம்பெனி போட்ட மெல்லிய ஒயரில் இந்தச் சுமையை ஏற்றினால் அது சூடாகத்தான் செய்யும். ஆனால் பல கடைகளில் இதைத்தான் செய்கிறார்கள். ஓடுகிற ஒயரைப் பிளேடால் சீவி, இன்னொன்றை முறுக்கி, மேலே டேப் சுற்றி, அரை மணி நேரத்தில் வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். பேனட்டுக்குள் இருக்கும் சூட்டில் டேப்பின் பசை இளகி, சில மாதங்களில் தானாகக் கழன்றுவிடும்.

ரிலே போட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மதகைத் திறக்கும் கைக்குப் பெரிய பலம் வேண்டாம், பாய்வது வாய்க்கால் தண்ணீர், ரிலேயும் அப்படித்தான். சுவிட்ச் வழியே அரை ஆம்பியர்கூடப் போகாது. விளக்குக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக ரிலே வழியே போகும். நாலு பின் ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். 30-இல் பேட்டரி பிளஸ், 87-இலிருந்து விளக்கு, 86-இல் சுவிட்சிலிருந்து வரும் ஒயர், 85-இல் எர்த். பின்கள் கீழ்ப்பக்கம் பார்க்கும்படி மாட்டுங்கள். மழைநீர் உள்ளே தேங்காது. லாரிக்காரர்கள் கவனிக்க: 24 வோல்ட் வண்டிக்கு ரிலேயும் பல்பும் 24 வோல்ட்டாகவே இருக்க வேண்டும்.

ஃபியூஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது விளக்கைக் காப்பதற்கு என்று நினைப்பவர்கள்தான் அதிகம். உண்மையில் அது ஒயரைக் காப்பதற்கு. ஆகவே அதன் இடம் பேட்டரி பிளஸ்ஸுக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள். விளக்குக்குப் பக்கத்தில் ஃபியூஸை வைத்துவிட்டு, நடுவில் ஒயர் பாடியில் உரசி ஷார்ட் ஆனால், ஃபியூஸ் எரியாது, ஒயர்தான் எரியும். ஒன்பது ஆம்பியர் சுமைக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் சரியானது. எங்கள் ஸ்டாண்டில் ஒரு டிரைவர் தம்பி, "அண்ணா, அடிக்கடி எரியுதுங்க, முப்பது போட்டுக்கலாங்களா?" என்று கேட்டார். "எரியறது ஃபியூஸ்னு சந்தோஷப்படு தம்பி, முப்பது போட்டா எரியப்போறது வண்டி" என்றேன். தேடிப் பார்த்தால் பம்பருக்குப் பின்னால் தகரத்தின் கூர்முனையில் ஒயர் உரிந்து கிடந்தது. சிகரெட் அட்டையின் ஈயத்தாளை மடித்து ஃபியூஸ் இடத்தில் செருகும் வைத்தியமும் எங்கள் பக்கம் உண்டு. அப்படி வரும் வண்டியில் அதைச் சரிசெய்யாமல் வேறு வேலைக்குக் கை வைப்பதில்லை நான்.

பேட்டரியிலிருந்து விளக்கு வரை 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போடுங்கள்; சுவிட்சுக்கு 1 போதும். அரை சதுர மில்லிமீட்டர் ஒயரில் மூன்று மீட்டர் தூரத்துக்கு ஒன்பது ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய ஒரு வோல்ட் வழியிலேயே போய்விடும். ஒரு வோல்ட்தானே என்று தோன்றும். ஹாலஜன் பல்பில் அது ஏறக்குறைய கால் பங்கு வெளிச்சத்தைத் தின்றுவிடும். விலை மலிவாகக் கிடைக்கும் சில ஒயர்கள் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. நுனியைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எர்த்தை யாரும் மதிப்பதில்லை. பெயின்ட்டின் மேல் போல்ட்டை முறுக்கினால் எர்த் கிடைக்காது. இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, லக் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள், துரு பிடிக்காது. கேபினுக்குள் ஒயர் நுழையும் துளையில் ரப்பர் புஷ் கட்டாயம். மற்ற இடங்களில் நெளி ஸ்லீவுக்குள் விட்டு, சைலன்சர் பக்கம் போகாமல் கட்டுங்கள். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுவதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

புது வண்டி என்றால் ஒயரை வெட்டவே வேண்டாம், வாரண்டி போய்விடலாம். பல கார்களில் கீழ் வேரியண்டிலும் பம்பருக்குப் பின்னால் ஃபாக் லைட் கப்ளர் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கும். முதலில் அதைத் தேடுங்கள். வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆகவே மேல் வேரியண்டில் கம்பெனி வைத்த அதே இடத்தில், அதே வாட் அளவில் வைப்பதே நல்லது. ரிலேயைத் தூண்டும் ஒயரைப் பார்க்கிங் லைட்டிலிருந்து எடுத்தால், அதை அணைத்ததும் ஃபாக் லைட்டும் அணையும். மறந்துபோய் பேட்டரி இறங்காது.

எல்.இ.டி. போடலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. சுமை குறைவு, ஒயருக்கும் நல்லது. ஆனால் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் வாட்டை நம்பாதீர்கள். ஆம்பியர் மீட்டர் வைத்து அளந்தால் பாதிகூட வராதவை உண்டு. கூரையில் பட்டையாகக் கட்டுகிறார்களே, அது ஃபாக் லைட்டே அல்ல. மூட்டத்தின் நீர்த்துளிகளில் பட்டு வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்புகிறது; ஹை பீமில் வெள்ளைச் சுவர் தெரிவது அதனால்தான். ஃபாக் லைட்டைத் தாழ வைப்பதும், கதிரை அகலமாய், மேல்விளிம்பு வெட்டினாற்போல் அமைப்பதும் இதைத் தவிர்க்கத்தான். கார்களுக்குத் தரையிலிருந்து 25 முதல் 80 சென்டிமீட்டருக்குள் என்கிறது ஐ.நா.வின் வாகன விதி 48. மஞ்சள்தான் மூட்டத்தைத் துளைக்கும் என்பது பழைய நம்பிக்கை. துளிகள் ஒளியலையைவிட மிகப் பெரியவை, அவற்றுக்கு நிறப் பேதம் கிடையாது. மஞ்சள் கண்ணுக்கு இதம் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. நானே மஞ்சள்தான் போட்டிருக்கிறேன்.

மாட்டி முடித்ததும் சமதளத்தில் சுவருக்கு ஏழரை மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்துங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு, விளக்கின் நடுமட்டத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். பிறகு எஞ்சினை ஓட விட்டு, விளக்கை எரிய வைத்து, பேட்டரி முனையிலும் விளக்கு முனையிலும் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வேலை சரி. இருபது நிமிடம் எரியவிட்டு ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் ஏதோ ஒரு ஜாயிண்ட் லூசாக இருக்கிறது. கடையில் மாட்டினாலும் இந்த மூன்று சோதனைகளையும் அங்கேயே செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். செய்து காட்டத் தயங்கும் கடையில் பணம் கொடுக்காதீர்கள்.