சி.என்.சி.க்கு எந்தச் சின்னக் கணினி? நம்பிக்கைகளும் உண்மைகளும்

பழைய மில்லிங் மெஷினுக்கு மோட்டார் பூட்டி சி.என்.சி. ஆக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த போர்டு வாங்கலாம்?" என்பதுதான். மெஷினை ஓட்டும் லினக்ஸ்சிஎன்சி மென்பொருள் இலவசம். உள்ளங்கையளவு ஒற்றைப் பலகைக் கணினியும் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் எதைப் பார்த்து வாங்குவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

நம்பிக்கை 1: கோர் எண்ணிக்கையும் கிகாஹெர்ட்ஸும் கூடினால் மெஷின் நன்றாக ஓடும்.

உண்மை: ஒரு கணக்குப் போடுவோம். சுற்றுக்கு 200 ஸ்டெப் மோட்டார், டிரைவரில் 10 மைக்ரோஸ்டெப், 5 மி.மீ. பிட்ச் பால் ஸ்க்ரூ. 1 மி.மீ. நகர 400 பல்ஸ் வேண்டும். நிமிடத்துக்கு 3,000 மி.மீ. ஓட்டினால் விநாடிக்கு 20,000 பல்ஸ். அதாவது 50 மைக்ரோவிநாடிக்கு ஒன்று. அந்த நேரத்தில் கணினி வேறு வேலையில் சிக்கி 100 மைக்ரோவிநாடி தாமதித்தால் பல்ஸின் தாளம் குலையும், மோட்டார் ஸ்டெப் தவறும். என்கோடர் இல்லாத மெஷினில் இது கண்ட்ரோலருக்குத் தெரியவே தெரியாது. அடுத்து வெட்டுவதெல்லாம் தள்ளிப்போகும். வெறும் 16 மெகாஹெர்ட்ஸ் ஆர்டுயினோ யூனோவில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருள் விநாடிக்கு 30,000 பல்ஸ் வரை சீராகத் தருகிறது. குறுக்கிட அங்கே இயங்குதளம் கிடையாது என்பதே காரணம். ஆக, பார்க்க வேண்டியது உச்ச வேகத்தை அல்ல, உச்சத் தாமதத்தை.

நம்பிக்கை 2: ராஸ்பெர்ரி பையின் பின் (pin) ஒன்றிலிருந்து டிரைவருக்கு நேராக ஒயர் இழுத்தால் போதும்.

உண்மை: பை தருவது 3.3 வோல்ட். பல டிரைவர்கள் எதிர்பார்ப்பது 5 வோல்ட். அதைவிட முக்கியம், பல்ஸ் தயாரிக்கும் வேலையைத் தனி வன்பொருளிடம் விடுவது. 2013இல் வந்த பீகிள்போன் பிளாக் போர்டில் இதுபோன்ற நேரம் தவறாத வேலைக்கென்றே 200 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பிஆர்யூ எனும் சிறு செயலிகள் இரண்டு உள்ளன. ஒரு கட்டளைக்கு 5 நானோவிநாடி. பை வைத்திருப்பவர்கள் ஈதர்நெட் வழியாக மெசா அட்டையைச் சேர்க்கலாம். பல்ஸை அட்டையிலுள்ள எஃப்பிஜிஏ சிப் பார்த்துக்கொள்ளும். பை 1 மில்லிவிநாடிக்கு ஒருமுறை கட்டளை அனுப்பினால் போதும்.

நம்பிக்கை 3: ஈதர்நெட் இருக்கும் எந்தப் பையும் மெசா அட்டைக்கு ஒன்றுதான்.

உண்மை: பை 3இல் ஈதர்நெட், யுஎஸ்பி வழியாகச் சுற்றிப் போகிறது; அதனால் தாமதம் கூடும். பை 4இல்தான் தனிப்பாதை வந்தது. வாங்குவதானால் பை 4 அல்லது அதற்குப் பிந்தையது.

நம்பிக்கை 4: ரியல்-டைம் கெர்னல் போட்டாயிற்று, இனி சோதனை எதற்கு?

உண்மை: கெர்னலுக்கு ரியல்-டைம் திறன் தரும் பிரீஎம்ப்ட் ஆர்டி 2024இல் லினக்ஸ் 6.12இல் முழுமையாகச் சேர்ந்தது நல்ல செய்தி. ஆனாலும் ஒவ்வொரு போர்டும் ஒவ்வொரு விதம். லினக்ஸ்சிஎன்சியோடு வரும் லேட்டன்சி டெஸ்டை ஓடவிட்டு, கூடவே பெரிய ஃபைல்களைக் காப்பி செய்யுங்கள், வீடியோ ஓட்டுங்கள். சில மணி நேரம் கழித்து அது காட்டும் அதிகபட்ச எண்தான் உங்கள் போர்டின் உண்மையான தரம்.

நம்பிக்கை 5: அவசர நிறுத்தத்தைத் திரையில் ஒரு பட்டனாக வைத்தால் போதும்.

உண்மை: கணினி உறைந்தால் அந்தப் பட்டனும் உறையும். சிவப்பு பட்டனை அழுத்தினால் கான்டாக்டர் வழியாக மோட்டார்களுக்கான மின்சாரம் நேரடியாக அறுபட வேண்டும்; நடுவில் மென்பொருள் இருக்கக் கூடாது. போர்டைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியாது. முதல் ஒயரிங் இந்தப் பட்டனுக்காக இருக்கட்டும்.