மழலையின் நீர் விளையாட்டு

நீரைக் கண்டு மகிழாத குழந்தை இல்லை. தரையில் சிந்திய நீரைக் கையால் அளைந்து களிப்பதும், தளர்நடையிட்டுச் சென்று குடத்து நீரை இறைப்பதும் மழலையின் இயல்பாகும். பெண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் நீராடற் பருவத்தையும் ஒன்றாக வைத்துப் புலவர் பாடினர். நீர் விளையாட்டின் இன்பத்தை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது சான்றாகும்.

இவ்விளையாட்டு வெறும் பொழுதுபோக்கன்று. குழந்தை பெறும் முதற் கல்வியும் ஆகும். இத்தாலி நாட்டு மருத்துவரும் கல்வியறிஞருமாகிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து, ஆசிரியர் பலர்க்குப் பயிற்சி அளித்தார். ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு நீரைச் சிந்தாமல் ஊற்றுதல் அவர்தம் கல்விமுறையில் ஒரு பயிற்சியாகும். அதனால் கண்ணும் கையும் இயைந்து தொழிற்படுகின்றன, பொறுமையும் வளர்கின்றது.

இவ்விளையாட்டிற்குப் பொருட்செலவு வேண்டுவதில்லை. அகன்ற தாம்பாளத்தில் இரண்டு விரற்கடை உயரம் நீர் விட்டு, சிறு கிண்ணங்கள் இரண்டும் கொட்டாங்கச்சி ஒன்றும் அளித்தால் போதும். குழந்தை மொண்டு மொண்டு ஊற்றி மகிழும். மரக்கரண்டி மிதப்பதையும் இரும்புக்கரண்டி அமிழ்வதையும் கண்டு வியக்கும். வெறுங்கிண்ணம் மிதக்கிறது, நீர் நிறைந்ததும் அதுவே அமிழ்கிறது. பின்னாளில் பள்ளியில் பயிலும் மிதத்தல் விதிக்கு வித்து இங்கேயே விழுகின்றது. துணியை நனைத்துப் பிழிந்தால் விரல்கள் வலுப்பெறும். நனைத்த தூரிகையால் வெயில்படும் சுவரில் கோடிழுத்தால், கோடு சிறிது நேரத்தில் மறைந்துவிடும். 'நீர் எங்கே போயிற்று?' என்று குழந்தை வினவும். அவ்வினாவே அறிவின் தொடக்கமன்றோ? கூழாங்கல், மணி, புளியங்கொட்டை போன்ற சிறு பொருள்களைக் கொடுத்தல் கூடாது. குழந்தை அவற்றை விழுங்கிவிடும்.

இன்பந்தரும் நீரே இடரும் தரும். மூக்கும் வாயும் மூழ்குமளவு நீர் இருந்தால் போதும், குழந்தை உயிரிழக்க நேரிடும். இளங்குழவியின் தலை உடலை நோக்கப் பெரிது. ஆதலின், வாளியை எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகீழாகக் கவிழ்ந்தால், தன்னை நிமிர்த்திக்கொள்ள இயலாது; கூவி அழைக்கவும் இயலாது. சில நிமிடங்களுக்குள், அடுத்த அறையில் இருப்போர்க்கும் தெரியாமல், உயிர் பிரிந்துவிடும். எனவே மூத்தோர் ஒருவர் கைக்கெட்டும் தொலைவில் இருந்து, கண் அகலாது காத்தல் வேண்டும். வாயிலில் யாரேனும் அழைத்தால், குழந்தையையும் தூக்கிக்கொண்டே செல்ல வேண்டும். வெந்நீர் கலந்திருப்பின் முழங்கையால் தொட்டுச் சூடறிந்த பின்னரே குழந்தையை விடுதல் நன்று.

விளையாட்டு முடிந்ததும் நீரைச் செடிகளுக்கு ஊற்றி, கலங்களைக் கவிழ்த்து வைத்தல் வேண்டும். நீரை வீணாக்கலாகாது என்னும் பாடத்தையும் குழந்தை அப்பொழுதே கற்கும். கிணறும் தொட்டியும் மூடியிருத்தல் இன்றியமையாதது.

தாயும் தந்தையும் பணியில் ஈடுபட்டிருக்கும் வேளையில், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மாணவர் பலர்க்கு வாய்க்கின்றது. அவ்வேளையில் கையிலுள்ள நூலை மூடிவைத்துவிட்டுக் குழந்தையின்மீதே கண் வைப்பது கடமையாகும். விளையாட்டு குழந்தைக்கு உரியது. விழிப்பு மூத்தோர்க்கு உரியது.