வயிற்றுக்குள் ஒரு நீறுபூத்த நெருப்பு!

நாகர்கோவிலில் எங்கள் தெருவில் ஓர் அக்கா. வயது 46. கை, கால் எல்லாம் மெலிசுதான்; இடுப்பு மட்டும் 36 அங்குலம். "நான் என்ன தடியாவா இருக்கேன்? வெயிட் 62 கிலோதானே!" என்பார். சர்க்கரை பார்க்கப் போனவரிடம், ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டர், "உடம்புக்குள்ளே லேசா அழற்சி இருக்கும்மா" என்றாராம். நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். "காய்ச்சல் இல்லை, புண்ணு இல்லை. பின்னே எங்கேயிருந்து அழற்சி?"

கேள்வி நியாயமானதுதான். முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, வலிக்கிறது. கிருமியை விரட்ட வெள்ளணுக்கள் ஓடி வருவதால் நடக்கிற கலாட்டா அது. வேலை முடிந்ததும் அடங்கிவிடும். தொந்திக்குள் இருப்பதோ நீறுபூத்த நெருப்பு. வெளியே தெரியாது, அணையவும் செய்யாது.

கொழுப்பு என்றால் மிச்சச் சாப்பாட்டை அடைத்து வைக்கிற பத்தாயம் என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 1993-ல் அமெரிக்காவில் ஹோடாமிஸ்லிகில், ஸ்பீகல்மேன் குழுவினர், பருத்த எலிகளின் கொழுப்பில் டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருள் உண்டாவதைக் கண்டார்கள். இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிற பொருள் அது. 2003-ல் அடுத்த முடிச்சு அவிழ்ந்தது. கொழுப்பு செல்கள் அளவுக்கு மேல் உப்பினால் சில செத்துப் போகின்றன. அவற்றைத் தின்று சுத்தம் செய்ய 'மேக்ரோஃபேஜ்' என்ற அணுக்கள் வந்து சூழ்கின்றன. வந்த விருந்தாளி திரும்பிப் போவதில்லை! அங்கேயே குடியிருந்து அழற்சிப் பொருளைக் கசியவிடுகின்றன. குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து அது கல்லீரலுக்குப் போக, கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. டாக்டர் சீட்டில் பார்த்தது இதைத்தான். இந்தக் கசிவு வருஷக்கணக்கில் ஓயாமலிருந்தால் சர்க்கரைக்கும் மாரடைப்புக்கும் வழி.

(சி.ஆர்.பி. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் என்றதும் பயந்துவிடாதீர்கள். சளி, பல் ஈறு வீக்கம் இருந்தாலும் ஏறும். அது ஆறிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.)

சரி, அக்காவின் வெயிட் ஏன் ஏமாற்றியது? நம்மவர்களின் உடல்வாகு அப்படி. புனே டாக்டர் யாஜ்னிக், 2004-ல் 'லான்செட்' இதழில் தன்னையும் யுட்கின் என்ற வெள்ளைக்கார டாக்டரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படம் போட்டார். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கான பி.எம்.ஐ. இருவருக்குமே 22.3. உடம்பிலுள்ள கொழுப்பு? வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! அதனால் தராசை மட்டும் நம்பாமல் இஞ்சி டேப்பை எடுங்கள். மூச்சை விட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80-ஐத் தாண்டக்கூடாது.

மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றுவிட்டு வயலுக்குப் போன தலைமுறை வேறு. அதையே தின்றுவிட்டு டி.வி. முன்னால் உட்காருகிற நாம் வேறு. மஞ்சள் கஷாயம் போதாதா என்கிறார்கள். அரை கிலோ ஏத்தங்காய் சிப்ஸை மஞ்சள் எப்படி ஈடுகட்டும்? எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு குறைந்தாலே பலருக்கு சி.ஆர்.பி. இறங்குகிறது. தினமும் வேகமாக நடந்தால், வெயிட் குறையாவிட்டாலும் உள்வயிற்றுக் கொழுப்பு கரையும். சாளை, அயலை நல்லதுதான். பொரிக்காமல் குழம்பில் போடுங்கள்.

அக்காவுக்கு முதல் கணக்கு மூன்று கிலோ. "சிப்ஸை விட்டுடறேன், பழம்பொரி மட்டும்...?" என்று இழுக்கிறார்.