ஒரே கொமிக்ஸ், இரண்டு விலை

பழைய அமெரிக்கக் கொமிக்ஸ் புத்தகங்களை வாங்கிச் சேகரிப்போருக்கு விற்பது இன்று பல நாடுகளில் நடக்கும் ஒரு வியாபாரமாகும். இதில் புதிதாக இறங்குவோர் கதாநாயகன் யார், முதல் இதழா, அட்டை மடிந்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்தே விலை பேசுவர். ஆனால் ஒரே அச்சகத்தில் அச்சாகி, ஒரே நிலையில் இருக்கும் இரண்டு பிரதிகளில் ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு விலைபோவதுண்டு. அவை கடைக்குப் போய்ச் சேர்ந்த வழி வேறு என்பதே அதற்குக் காரணம்.

1970கள் வரை அமெரிக்காவில் கொமிக்ஸ் பெரும்பாலும் பத்திரிகைக் கடை, மருந்துக் கடை, பலசரக்குக் கடை ஆகியவற்றிலேயே விற்கப்பட்டது. விற்றதற்குப் பணம், விற்காததற்கு மீளளிப்பு என்ற முறை. வியாபாரிகளுக்கு இது புதிதல்ல. விற்காத பிரதியின் அட்டையையோ அதன் மேற்பகுதியையோ கிழித்து விநியோகஸ்தருக்கு அனுப்பினால் போதும், கணக்கில் வரவு வைக்கப்படும். மிகுதி குப்பைக்குப் போகும்.

1970களின் ஆரம்பத்தில் புரூக்ளினைச் சேர்ந்த பில் சூலிங் என்பவர் வேறொரு வழியைத் திறந்தார். கொமிக்ஸ் மட்டுமே விற்கும் கடைகளுக்குக் கூடிய கழிவில் சரக்கு கொடுக்கப்படும். ஆனால் விற்காததைத் திருப்ப முடியாது. இதுவே நேரடி விற்பனை எனப்பட்டது. இங்கே ஓர் ஓட்டை இருந்தது. கூடிய கழிவில் வாங்கிய பிரதியைப் பழைய வழியால் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்டால் யார் கண்டுபிடிப்பது? ஆகவே 1979 முதல் மார்வெல் நிறுவனம் இரு வழிப் பிரதிகளின் அட்டைகளையும் வேறுபடுத்தியது. பத்திரிகைக் கடைப் பிரதியின் அட்டையில் இடது கீழ் மூலையில் பார்கோட் இருக்கும். நேரடிப் பிரதியில் அந்தப் பெட்டிக்குள் ஸ்பைடர் மேனின் தலை போன்ற சிறு படம் அல்லது குறுக்குக் கோடு இருக்கும். கணக்குப் பார்க்க வைத்த அடையாளம் இன்று விலையைத் தீர்மானிக்கிறது!

பார்கோட் இருந்தாலே அரிது என்று நினைத்துப் பணத்தை இறக்குவோர் இங்கேதான் நட்டப்படுகின்றனர். 1980களின் ஆரம்பத்தில் பெரும்பாலான பிரதிகள் பத்திரிகைக் கடை வழியாகவே போயின. அக்காலப் பார்கோட் பிரதிக்குப் பெரிய மேலதிக விலை கேட்பது நியாயமல்ல. அந்தப் பத்தாண்டு முடியும்போது நிலைமை தலைகீழானது. பின்னர் ஆண்டுக்கு ஆண்டு பத்திரிகைக் கடைப் பிரதிகள் குறைந்து, 2013 அளவில் மார்வெல் அவ்வழியைக் கைவிட்டது. எனவே 2000களின் பத்திரிகைக் கடைப் பிரதிகளே தேடப்படுவன. 1990களில் நேரடிப் பிரதிக்கும் பார்கோட் வந்துவிட்டதால், பெட்டியோரத்தில் ‘டிரெக்ட்’ என்ற ஆங்கிலச் சொல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருந்தால் அது சாதாரணப் பிரதி.

அருமைக்கு இன்னொரு காரணம், பத்திரிகைக் கடைப் பிரதியை வாங்கியவர்கள் சிறுவர்கள். சுருட்டிக் காற்சட்டைப் பையில் செருகிக்கொண்டு போவார்கள். கொமிக்ஸ் கடைக்குப் போனவரோ பொலித்தீன் உறையிலிட்டு அட்டை வைத்துப் பாதுகாத்தார். ஆகவே பழுதில்லாத பத்திரிகைக் கடைப் பிரதி கிடைப்பது கடினம். பழுதானதற்கு அவ்வளவு மேலதிக விலை கிடைக்காது.

விலை மாற்றப் பரீட்சார்த்தத்தாலும் அருமையான பிரதிகள் உருவாயின. 1977இல் 30 சத விலையை 35 ஆக்குமுன் மார்வெல் சில பகுதிகளில் மட்டும் புது விலையை இட்டு விற்றுப் பார்த்தது. அந்த ஆண்டு வெளிவந்த ஸ்டார் வோர்ஸ் முதலாம் இதழின் 35 சதப் பிரதி இன்று மிகப் பெரிய விலை போகிறது. ஆனால் பின்னர் வந்த மறுபதிப்புகளிலும் 35 சதம் என்றே உண்டு. அசலில் விலை சதுரப் பெட்டிக்குள் இருக்கும், பார்கோட்டில் கோடுகள் இருக்கும். 30ஐ 35 ஆகத் திருத்தி ஏமாற்ற முயல்வோரும் இருப்பர் என்பதால் எண்ணை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தே பணம் கொடுக்கவேண்டும்.

கனடாவிலும் இதே கதைதான். 1982 முதல் சில ஆண்டுகள் அங்குள்ள பத்திரிகைக் கடைகளுக்கென்று தனி விலை அச்சிடப்பட்டது. 1983இல் வந்த அமேஸிங் ஸ்பைடர் மேன் 238ஆம் இதழ் அமெரிக்காவில் 60 சதம், கனடாப் பிரதியில் 75 சதம். கனடாவின் சந்தை சிறியது என்பதால் பிரதிகளும் குறைவு. இன்று சேகரிப்போர் அதற்குக் கூடுதலாகக் கொடுக்கின்றனர்.

பிரித்தானியாவின் அனுபவம் இதற்கு மாறானது. 1962இல் ஸ்பைடர் மேன் முதன்முதலாகத் தோன்றிய அமேஸிங் ஃபான்டஸி 15ஆம் இதழ் அமெரிக்காவில் 12 சதத்துக்கு விற்றது. பிரித்தானியாவுக்கென 9 பென்ஸ் விலையோடு அதே இயந்திரத்தில் அச்சான பிரதிகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. இருந்தும் நெடுங்காலம் அவை 12 சதப் பிரதியைவிட மலிவாகவே போயின. வாங்குவோரில் பெரும்பகுதி அமெரிக்கர். தாம் சிறுவயதில் கண்ட விலை அட்டையில் இருப்பதையே அவர்கள் விரும்பினர்.

ஆகையால் தூரத்திலிருந்து தொகையாகக் கொள்வனவு செய்பவர் முன்னட்டையின் இடது கீழ் மூலையையும் விலை எண்ணையும் தெளிவாகக் காட்டும் படத்தை ஒவ்வொரு பிரதிக்கும் கேட்டு வாங்கவேண்டும். அதை அனுப்ப மறுப்பவரிடம் சாதாரணப் பிரதியின் விலைக்கு மேல் ஒரு சதமும் பேசத் தேவையில்லை.