சத்து முழுதும் அடங்கிய கப் நூடுல்ஸ்: புதிதாகச் சாப்பிடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலை முடிந்து இரவு தாமதமாக அறைக்குத் திரும்புகிறவருக்கு அடுப்பைப் பற்றவைக்கத் தெம்பிருக்காது. கப் நூடுல்ஸைத் திறந்து வெந்நீர் ஊற்றிவிடுவார். டோக்கியோவில் இது அன்றாடக் காட்சி. அங்கே இந்தியர்கள் அதிகம் வாழும் நிஷி கசாய் பக்கம் குடியிருக்கும் நம் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்ல. வயிறு நிறையும், ஆனால் நார்ச்சத்தும் வைட்டமினும் போதிய அளவு கிடைப்பதில்லை. அந்தக் குறையைச் சரிசெய்ய, ஒரு வேளைக்குத் தேவையான எல்லாச் சத்துகளையும் அடக்கிய நூடுல்ஸ் இப்போது ஜப்பானியக் கடைகளில் கிடைக்கிறது. பட்டினி கிடக்கவிருந்த வேளைக்கு இது நல்ல சாப்பாடு என்பது என் கருத்து. நன்றாகச் சமைத்துச் சாப்பிடும் வேளைக்குப் பதிலாக இதை வைக்காதீர்கள்.

இது வந்த வழி

போருக்குப் பிந்தைய ஜப்பானில் மக்கள் பட்ட பசியைக் கண்ணால் பார்த்தவர் நிஸ்ஸின் நிறுவனத்தை நிறுவிய மொமொஃபுகு ஆண்டோ. 1958இல் ஒசாகா அருகே இகெடா ஊரில், வேகவைத்த நூடுல்ஸை எண்ணெயில் பொரித்தால் ஈரம் வற்றி நாள்பட இருக்கும், வெந்நீர் பட்டதும் மறுபடி இளகும் என்று கண்டுபிடித்தார். 1971இல் அதே நூடுல்ஸ் கப்பில் அடைக்கப்பட்டு வந்தது. பசிக்கு அது விடை சொன்னது, சத்துக்குச் சொல்லவில்லை. ஜப்பானில் விற்கும் வழக்கமான நிஸ்ஸின் கப் நூடுல்ஸ் ஒன்றில் 351 கலோரி, புரதம் 10.5 கிராம், உப்பு 4.9 கிராம். ஒரு நாள் முழுவதற்குமே உப்பு 5 கிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மாவில் சத்துகளைக் கலந்துவிட்டால் போதாதா என்று தோன்றும். அது அவ்வளவு எளிதல்ல. ராமென் மாவில் நெகிழ்ச்சிக்காகச் சேர்க்கும் கன்சுயி என்ற காரநீர், பி1 வைட்டமினைச் சிதைக்கும். சூடு வேறு பல வைட்டமின்களைக் குறைக்கும். இரும்புச்சத்து கூடினால் நாக்கில் உலோகச் சுவை தட்டும். நார்ச்சத்து அதிகமானால் நூடுல்ஸ் பொடிந்துபோகும். இவற்றையெல்லாம் தாண்டித்தான் பேஸ் ஃபுட் நிறுவனம் 2017இல் முழுச்சத்துப் பாஸ்தாவைக் கொண்டுவந்தது. நிஸ்ஸினின் ‘கன்சென் மெஷி’ வரிசை 2022இல் வந்தது.

எதைக் கணக்கிட்டு முழுமை என்கிறார்கள்?

ஜப்பானியச் சுகாதார அமைச்சகம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, ஒருவருக்கு நாளொன்றுக்கு எந்தச் சத்து எவ்வளவு வேண்டும் என்ற அட்டவணையை வெளியிடுகிறது. கன்சென் மெஷி அதிலுள்ள 33 சத்துகளை வைத்துக் கணக்கிடுகிறது. பொதுவாக ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு ஒரு வேளைக்கு என்பது இந்தத் துறையின் அளவு. பேஸ் ஃபுட் கணக்கில் கொழுப்பு, மாவுச்சத்து, சோடியம் போன்றவை சேர்வதில்லை. அவை கூடிவிடக் கூடாதே என்பதுதான் கவலை, குறைந்துவிடுமோ என்பதல்ல.

இந்த அட்டவணை ஆரோக்கியமான மனிதரின் தேவையை வைத்து எழுதப்பட்டது. நாள் முழுக்கச் சுமை தூக்குபவருக்கும், மேசை முன் உட்கார்ந்திருப்பவருக்கும் பாக்கெட் ஒன்றுதான். கீரையிலும் பழத்திலும் உள்ள, அட்டவணைக்குள் வராத எத்தனையோ பொருள்கள் இதில் இல்லை. அதனால்தான் மூன்று வேளையும் இதையே சாப்பிட வேண்டாம் என்கிறேன்.

முதல் படி: ஒன்றே ஒன்று வாங்குங்கள், பின்பக்கத்தைப் படியுங்கள்

பெட்டியாக வாங்கினால் விலை குறையும். ஆனாலும் முதலில் ஒன்று போதும். சுவை எல்லாருக்கும் பிடிப்பதில்லை.

சைவம் சாப்பிடுபவர்களும், பன்றி, மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் இந்தப் படியை அவசரமாகத் தாண்டக் கூடாது. மேலே காய்கறிப் படம் போட்டிருந்தாலும், சூப்பில் பன்றியோ கோழியோ மீனோ இருக்கக்கூடும். மூலப்பொருள் பட்டியலில் ‘எகிஸு’ என்று முடியும் பெயர்கள் பல நேரங்களில் இறைச்சி, மீன் சாறுகளாக இருக்கும். ‘போக்கு எகிஸு’ என்றால் பன்றிச் சாறு. ‘கத்சுவோ’ ஒருவகை மீன். கைபேசி கேமராவில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து பட்டியல் முழுவதையும் காட்டிவிடுங்கள். கோதுமை, பால், முட்டை, இறால் ஒவ்வாமை உள்ளவர்களும் இதையே செய்யவேண்டும்.

அடுத்து உப்பு. ஜப்பானிய லேபிளில் ‘ஷொகுயென்’ என்று தொடங்கும் வரியில் உப்பு கிராமில் இருக்கும். இந்தியப் பாக்கெட்டுகளில் சோடியம் மில்லிகிராமில் இருக்கும், அதை 2.5ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் உப்பின் அளவு கிராமில் வரும். சோடியம் 1000 மில்லிகிராம் என்றால் உப்பு ஏறக்குறைய 2.5 கிராம். சத்து முழுதும் இருக்கிறது என்பதால் உப்பு குறைவாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

இரண்டாம் படி: எந்த வேளைக்கு?

காலையில் ஒன்றுமே சாப்பிடாமல் ரயிலுக்கு ஓடுபவருக்குக் காலை. இரவில் சிப்ஸும் குளிர்பானமுமாக முடித்துக்கொள்பவருக்கு இரவு. உங்கள் நாளில் எந்த வேளை மிக மோசமாக இருக்கிறதோ அதற்கு இதை வையுங்கள்.

மூன்றாம் படி: தயாரிப்பு

கோட்டுவரை கொதிநீர், பாக்கெட் சொல்லும் நிமிடங்கள், பிறகு நன்றாகக் கிளறுதல். சூப் இல்லாத அபுரா சோபா வகையில் மட்டும் ஒரு வேறுபாடு: நூடுல்ஸ் இளகியதும் தண்ணீரை வடித்துவிட்டு, அதற்குப் பிறகே சாஸைப் பிரித்து ஊற்றவேண்டும். முதலிலேயே ஊற்றினால் சுவையும் அதிலுள்ள சத்தும் வடிநீரோடு போய்விடும்.

சாதாரண கப் நூடுல்ஸில் சூப்பை மீதம் வைத்தால் உப்பில் ஏறக்குறைய பாதி குறையும். இங்கே அந்த யோசனை முழுதாகப் பொருந்தாது. சூப்பில் கரைந்திருக்கும் வைட்டமினும் சேர்ந்து வீணாகும். இரத்தக் கொதிப்பு இருப்பவர் வைட்டமினை விட்டாவது உப்பைக் குறைப்பதே நல்லது. சூப் இல்லாத வகையை எடுத்தால் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை.

கூடவே ஒரு பழம் வைத்துக்கொள்ளுங்கள். உடல் உழைப்பு அதிகமென்றால் அவித்த முட்டையோ தோஃபுவோ சேரட்டும்.

நான்காம் படி: வயிறு பழகட்டும்

நார்ச்சத்து குறைவாகவே சாப்பிட்டு வந்தவருக்கு, திடீரென்று அது கூடினால் வயிறு உப்புசம் காணும், வாயு சேரும். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அல்லது அதற்கும் குறைவாகச் சாப்பிட்டுப் பாருங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

யார் மருத்துவரைக் கேட்கவேண்டும்?

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம், பாஸ்பரஸ், புரதம் மூன்றும் அளவோடு இருக்கவேண்டும். இதில் மூன்றும் சேர்த்தே வைக்கப்பட்டிருக்கின்றன. கர்ப்பிணிகள் வைட்டமின் ஏ அளவைக் கவனிக்கவேண்டும், குறிப்பாக ஏற்கெனவே சத்து மாத்திரை எடுப்பவர்கள். இது பெரியவர்களை மனத்தில் வைத்துச் செய்தது, குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், லேபிளிலுள்ள வைட்டமின் கே அளவை மருத்துவரிடம் காட்டாமல் தொடங்கவே வேண்டாம். அந்த மருந்தின் வேகத்தை வைட்டமின் கே குறைத்துவிடும்.