நிரையும் நிரலும்

தமிழாசிரியனுக்குக் கணனியில் என்ன வேலையென அன்பர்கள் வினவலாம். நம் கல்லூரியிற் பயின்று பல்கலைக்கழகம் புகுந்த மாணவர் ஒருவர், தாம் போட்ரான் மொழியில் எழுதிய வெப்பக் கணிப்பு இரவெல்லாம் ஓடியும் முடியவில்லையெனக் குறைப்பட்டார். அவர் காட்டிய தாளில் நிரை, நிரல் என்னுஞ் சொற்களைக் கண்டதும், நிரையசையும் நிரனிறையணியும் படிப்பிக்கும் யான் விடுவேனா? உடனமர்ந்து கேட்டேன்.

போட்ரானை ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜோன் பாக்கஸ் குழுவினர் ஆக்கி 1957இல் வெளியிட்டனர். கையால் எழுதிய இயந்திரக் கட்டளைகளுக்கு நிகரான வேகம் தராவிடின் எவரும் அதனை ஏற்கார் என உணர்ந்து, தொகுப்பானின் திறனிலேயே அவர்கள் பெருங்கவனஞ் செலுத்தினர். 1963இல் கான்பூர் இந்தியத் தொழினுட்பக் கழகத்துக்கு ஐ.பி.எம். 1620 கணனி வந்தபின், அங்கே இம்மொழியைக் கற்பித்தோருள் பேராசிரியர் ராஜாராமனும் ஒருவர். வானிலைக் கணிப்பின் பெரிய செய்நிரல்கள் பல இன்றும் இம்மொழியிலேயே உள்ளன. மழை பெய்தபின் வரும் முன்கணிப்பாற் பயன் யாது?

ஆயிரம் நிரையும் ஆயிரம் நிரலும் கொண்ட ஒரு தாயத்தைக் கருதுக. எண் ஒன்றுக்கு 8 பைற்று. போட்ரான் முதல் நிரலின் எண்களையெல்லாம் அடுக்கிய பின்னரே இரண்டாம் நிரலைத் தொடங்கும். ஆதலின் நிரைவழியே செல்வோன் அடிதோறும் 8,000 பைற்றுத் தாண்டுதல் வேண்டும். பதுக்கு நினைவகத்துக்கோ பெரும்பாலான கணனிகளில் 64 பைற்று, அதாவது எட்டு எண்கள், ஒரு கட்டாக வரும். நிரல்வழிச் செல்லின் எட்டும் உதவும். நிரைவழிச் செல்லின் ஒன்று உதவ, ஏழு வீணாகும்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகளை எண்ணிப் பாருங்கள். தபாற்காரர் ஓர் ஒழுங்கையின் கடிதங்களை முடித்தே அடுத்ததற்குச் செல்வார். ஒழுங்கைதோறும் முதல் வீட்டுக்கு மட்டுங் கொடுத்துச் சென்று, பின் இரண்டாம் வீடுகளுக்காக மீண்டும் புறப்படுவாரோ? நம் மாணவர் அதனையே செய்திருந்தார்! உள்ளும் புறமுமாய் நின்ற மீள்செயல்களை இடமாற்றினார்.

அடுத்தது தொகுப்பு. கட்டளை எதுவுங் கொடாவிடின் ஜிபோட்ரான் தொகுப்பான் வேகத்தைப் பெரிதும் நாடாது. 'ஓ2' எனக் குறித்தல் வேண்டும். 'ஓ3' மேலும் முயலும். சில வேளை மீள்செயல்களைத் தானே இடமாற்றவுஞ் செய்யும். 'பாஸ்ட்-மாத்' என்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஒன்றின்பின் பதினாறு பூச்சியங்கொண்ட எண்ணோடு ஒன்றைக் கூட்டி, அவ்வெண்ணையே கழித்தால், 8 பைற்று எண்களில் விடை பூச்சியம்; கழித்தபின் கூட்டின் ஒன்று. இவ்வாறு வரிசைமாற்றும் உரிமையை அக்கட்டளை தொகுப்பானுக்கு வழங்கும்.

மாணவர் அதனையும் இட்டுப் பார்த்தார். சிறிய தாயம் ஒன்றின் விடைகள் முன்னையவற்றோடு இசையவில்லை. அதனை நீக்கி 'ஓ2' உடன் நின்றார், விடைகள் இசைந்தன. பெரிய கணிப்பும் மறுநாள் மதியத்துக்கு முன்னரே முடிந்தது.